ரொண்டல்லா பதிவில் பண்டுரியா காதைக் குத்தினால்

4×5 மீட்டர் அறையில் ரொண்டல்லா என்னும் கம்பி வாத்தியக் குழு, ஆளுக்கொரு மைக், உயர்சுருதி வாத்தியமான பண்டுரியா மட்டும் காதைக் குத்துகிறது, அதைவிடத் தாழ்ந்த சுருதியுள்ள லவுத் அமுங்கிவிட்டது என்கிறீர்கள். ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் திருத்தும் ஈக்யூவை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் சுருதியைப் பாருங்கள்.

பிலிப்பைன்ஸ் பண்டுரியாவில் 14 கம்பிகள், ஆறு வரிசை. மேல்சுருதி வரிசைகள் மூன்றிலும் ஒரே சுருதியில் மும்மூன்று கம்பி. அதில் ஒன்று இம்மி விலகினாலும் ட்ரெமோலோவில் (ஒரே சுரத்தை வேகமாக மீட்டுவதில்) கரகரவென்று உரசும். நீங்கள் கேட்பது பெரும்பாலும் அதுதான். ஏசியைப் போட்டு, வாத்தியங்களை அரை மணி நேரம் அறையிலேயே வைத்திருங்கள். பிறகு இரண்டு கம்பிகளை ஃபெல்ட் துணியால் அடக்கி, மூன்றாவதைத் தனியாகச் சுருதி சேருங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் (பதிவு முயற்சிக்கும்) முன் சரிபாருங்கள், அலுத்துக்கொள்ளாமல்.

அடுத்து, மைக்குகளைக் குறையுங்கள். பக்கத்து வாத்தியம் ஒவ்வொரு மைக்கிலும் சற்றுத் தாமதமாக நுழைவதால்தான் ஒலி மெலிகிறது. முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக் இரண்டை 17 செ.மீ. இடைவெளி, 110 டிகிரி கோணத்தில், 1.8 மீட்டர் உயரத்தில் வையுங்கள். எதிரொலியை அடக்க மேலே கூரையில் கனத்த மெத்தை ஒன்று. அரைவட்டத்தில் லவுத், ஒக்தவினா (இதுவும் ஒரு கம்பி வாத்தியம்), கிட்டார் முன்னால், பண்டுரியா பின்னால். லவுத்துக்கு மட்டும் 30 செ.மீ.யில் துணை மைக் போதும். அடுத்த மைக் குறைந்தது 90 செ.மீ. தள்ளி இருக்கட்டும்.

குழுவின் பேஸ் வாத்தியமான பாஹோ தெ உன்யாஸை மூலையில் நிறுத்தாதீர்கள். 4 மீட்டர் சுவர் இடைவெளி 43 ஹெர்ட்ஸ் அருகே அதிரும். அடி எஃப் சுரம் மட்டும் வீங்கும்.