மூல வளையத்தில் பூச்சிய வகுப்பான்கள் இல்லையென்றால் இணைப் படிநிலை வளையத்திலும் அவை இருக்காதா?

வ ஒரு நோதர் தல வளையம் (ஒரே ஒரு மீப்பெரு சீர்மம் கொண்டது, அதன் சீர்மங்கள் எல்லாம் முடிவுறு எண்ணிக்கையிலான உறுப்புகளால் பிறப்பவை), ம அதன் மீப்பெரு சீர்மம் என்று கொள்வோம். வ-வில் பூச்சிய வகுப்பான்கள் (பூச்சியமல்லாத இன்னொன்றோடு பெருக்கினால் பூச்சியம் தரும், பூச்சியமல்லாத உறுப்புகள்) இல்லையென்றால், ம-வின் அடுக்குகளைக் கொண்டு கட்டப்படும் இணைப் படிநிலை வளையத்திலும் அவை இல்லாமல் இருக்குமா, இதன் மறுதலை உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு விடை 'இல்லை', இரண்டாவதற்கு 'ஆம்'.

இணைப் படிநிலை வளையத்தின் ஒவ்வொரு படியிலும் ம-வின் ஓர் அடுக்கை அடுத்த அடுக்கால் வகுத்துக் கிடைக்கும் ஈவு இருக்கிறது. பூச்சியமல்லாத ஓர் உறுப்பு ம-வின் எந்த அடுக்கு வரை உள்ளே இருக்கிறதோ, அந்தப் படியில் அது தரும் வகுப்பை அதன் தலைவடிவம் என்போம். க்ருல் வெட்டுத் தேற்றத்தின்படி எல்லா அடுக்குகளுக்கும் பொதுவான உறுப்பு பூச்சியம் மட்டுமே என்பதால், பூச்சியமல்லாத ஒவ்வோர் உறுப்புக்கும் பூச்சியமல்லாத தலைவடிவம் உண்டு. ஆகவே இணைப் படிநிலை வளையத்தில் பூச்சிய வகுப்பான்கள் இல்லையென்றால், இரு உறுப்புகளின் தலைவடிவங்களைப் பெருக்கினால் பூச்சியம் வராது, எனவே அந்த உறுப்புகளின் பெருக்கற்பலனும் பூச்சியமாகாது. மறுதலைக்கு இவ்வளவே போதும்.

முதல் கேள்விக்கு, சிக்கலெண் களத்தின் மீது ப² = க² + க³ என்னும் வளைவரையின் ஆதிப்புள்ளியிலுள்ள தல வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவரை பகாதது என்பதால் இதில் பூச்சிய வகுப்பான்கள் இல்லை. ஆனால் ப − க, ப + க ஆகிய இரண்டின் பெருக்கற்பலன் க³. அது மூன்றாம் அடுக்கிலேயே விழுந்துவிடுவதால், இரண்டாம் படியில் தலைவடிவங்களின் பெருக்கற்பலன் பூச்சியமாகிறது. ஆதிப்புள்ளியில் வளைவரைக்குள்ள இரண்டு தொடுகோடுகளைத்தான் இந்த வளையம் காண்கிறது. நிறைவாக்கத்திலும், அதாவது முடிவிலா அடுக்குத்தொடர்களையும் அனுமதித்து விரிவாக்கும்போதும், தல வளையத்தின் சமன்பாடு இரு காரணிகளாகப் பிளவுபடுகிறது என்பதால், குற்றம் அங்கேதான் என்று நினைக்கத் தோன்றும். ப² = க³ அந்த எண்ணத்தைக் கெடுக்கிறது: அதன் நிறைவாக்கத்தில் பூச்சிய வகுப்பான்கள் இல்லை, ஆயினும் ப-வின் தலைவடிவத்தின் வர்க்கம் பூச்சியம்.

ம-வின் ஒவ்வோர் அடுக்கையும் ஒரு மாறியின் அதே அடுக்கோடு பெருக்கிக் கூட்டிக் கட்டப்படும் ரீஸ் இயற்கணிதத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அது வ-வின் மீதான ஒருமாறிப் பல்லுறுப்புக்கோவை வளையத்தின் உள்வளையமாக இருப்பதால் வ-வின் நற்குணம் அப்படியே அதற்கும் வருகிறது. இணைப் படிநிலை வளையமோ அதன் ஈவு. ஈவு எடுக்கும்போதுதான் இழப்பு நேர்கிறது. மாறியின் தலைகீழான ச-வையும் சேர்த்து விரிவாக்கிய ரீஸ் இயற்கணிதத்தில் க-வையும் ப-வையும் ச-வால் வகுத்துக் கிடைப்பவற்றை மீண்டும் க, ப என்றே எழுதினால், முதல் எடுத்துக்காட்டின் சமன்பாடு ப² = க² + ச·க³ ஆகிறது. ச = 1 என இட்டால் பழைய வளைவரை, ச = 0 என இட்டால் இரு தொடுகோடுகள். தல வளையம், இணைப் படிநிலை வளையம் இரண்டின் பரிமாணமும் சமம். தல வளையத்தின் மடங்கெண் 2 என்பதும் இணைப் படிநிலை வளையத்தின் படிகளுடைய பரிமாணங்கள் (திசையன் வெளிகளாக) 1, 2, 2, 2 எனச் செல்வதிலிருந்தே தெரிகிறது.

இணைப் படிநிலை வளையத்தை நீங்கள் கணக்கிட முனைந்தால் ஓர் எச்சரிக்கை. வரையறுக்கும் சமன்பாடு ஒன்றே என்றால் அதன் தலைவடிவம், அதாவது மிகக் குறைந்த படியிலுள்ள பகுதி, போதும். ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் போதாது. க², கப + ப³ ஆகியவை பிறப்பிக்கும் சீர்மத்துக்குத் தலைவடிவங்கள் க², கப மட்டும் என்று நிறுத்திவிட்டால் ஈவு முடிவிலாப் பரிமாணம் பெறும். இரண்டாவதை க-வால் பெருக்கி முதலாவதன் ப மடங்கைக் கழித்தால் கப³ கிடைக்கும். அதை இரண்டாவதன் ப² மடங்கிலிருந்து கழித்தால் ப⁵ வெளிப்படும். அதையும் சேர்த்த பிறகே ஈவின் பரிமாணம் 6 என்று சரியாக அமைகிறது.