தகரக் கூரை மழை, புல்லட் பைக் சத்தம் எல்லாம் ரெகார்ட் பண்ணாமலே செய்யுறது: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

வணக்கம். பத்து வருஷமா மொபைல் கேம், மியூசியம் இன்ஸ்டலேஷன் மாதிரி வேலைகளுக்கு சவுண்ட் எஃபெக்ட் பண்ணிட்டு இருக்கேன். ரெடிமேட் ஃபைலை ஓட்டுறது இல்ல, சத்தத்தை அந்த நிமிஷமே கணக்கு போட்டு உண்டாக்குறது, ப்ரொசீஜரல் ஆடியோன்னு சொல்லுவாங்க. பெரும்பாலும் ப்யூர் டேட்டா, கொஞ்சம் சூப்பர்கொலைடர், ரெண்டும் இதுக்கான சாஃப்ட்வேர். ராத்திரி 9லருந்து 12 வரைக்கும் இருப்பேன். பாட்டு மிக்ஸிங், மாஸ்டரிங் கேக்காதீங்க, நான் அந்தப் பக்கம் போனதே இல்ல.

முதல்லயே ஒண்ணு. பேட்ச் (டப்பாவை டப்பாவோட கோத்து சத்தம் வரவைக்கிற ப்ரோக்ராம்) போட்டு முதல் தடவை ஓட விடும்போது ஹெட்ஃபோன் காதுல இருக்கக்கூடாது, கழுத்துல கிடக்கட்டும். இதை இன்னைக்கு பத்து தடவை சொல்லுவேன், பொறுத்துக்குங்க.

மழைக்கிறுக்கன்: அண்ணா, தகர ஷீட்டு மேல மழை பெய்யுற சத்தம் வேணும். ஒயிட் நாய்ஸை ஃபில்டர் பண்ணிப் பாத்தேன், கேபிள் போன டிவி மாதிரியே இருக்கு. என்ன தப்பு?

தப்பு ஒண்ணும் இல்ல தம்பி, நீங்க பண்ணது மழைதான், ஆனா ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பெய்யுற மழை. தூரத்துல ஆயிரக்கணக்கான துளி ஒண்ணா கலந்து இரைச்சலா வரும், கிட்டத்துல ஒவ்வொரு துளியும் தனித்தனியா விழணும். தகரத்துல பாதி சத்தம் துளியோடது, பாதி தகரத்தோடது.

துளிக்கு இப்படி பண்ணுங்க. ப்யூர் டேட்டாவுல நாய்ஸ்~ங்கிற டப்பா ஒவ்வொரு சாம்பிளுக்கும் (டிஜிட்டல் சத்தத்தோட ஒரு புள்ளி) -1க்கும் 1க்கும் நடுவுல ஏதோ ஒரு நம்பரைத் துப்பும். அதுல 0.9995ஐ கழிச்சிட்டு சைபருக்குக் கீழ போறதை எல்லாம் மேக்ஸ்~ 0 (ரெண்டுல பெரியதை எடுக்குற டப்பா) வச்சு வெட்டி விட்டுருங்க. மிஞ்சுறது எப்பவாவது தலைகாட்டுற சின்னச் சின்ன முள்ளுதான். 44100 சாம்பிள் ரேட்ல (விநாடிக்கு அத்தனை சாம்பிள்) கணக்கு பண்ணா விநாடிக்கு சுமாரா 11 வரும், தூறல். 0.995ன்னு வச்சா 110, நல்ல மழை. அந்த ஒரு நம்பரை நகத்துனாலே தூறல்லருந்து அடைமழை வரைக்கும் போகலாம், இந்த சுகம் ஃபைல்ல கிடைக்காது. முள்ளெல்லாம் ரொம்ப குட்டியா இருக்கும், 0.9995க்கு 2000ஆல, 0.995க்கு 200ஆல பெருக்கிக்குங்க. அப்புறம் அதை அதாலேயே இன்னொரு தடவை பெருக்குங்க, சின்னத் துளி நிறைய, பெரிய துளி கம்மின்னு ஆயிடும், நிஜ மழையும் அப்படித்தானே.

இந்த முள்ளை நாலு பேண்ட்பாஸ் ஃபில்டருக்கு (ஒரு சுருதியைச் சுத்தி இருக்கறதை மட்டும் விடுறது) ஒரே நேரத்துல அனுப்புங்க. நான் 400, 1100, 2300, 3700 ஹெர்ட்ஸ்னு வச்சிருக்கேன், உங்க காதுக்கு எது தகரமா படுதோ அதை வைங்க, ஆனா 400, 800, 1200ன்னு ஒழுங்கா அடுக்கிராதீங்க, தகரம் வீணை ஆயிடும். இது எல்லாத்துக்கும் அடியில உங்க பழைய டிவி இரைச்சலை ரொம்ப மெதுவா போட்டு வைங்க, அது தூரத்து மழை. கடைசியா கூரை ஓரத்துலருந்து பிளாஸ்டிக் வாளியில சொட்டுற தண்ணி, தனி பேட்ச், மூணு நாலு விநாடிக்கு ஒரு சொட்டு. அந்த வாளி வந்ததும்தான் கேக்குறவனுக்கு வீடுன்னு தோணும்.

பேண்ட்பாஸ்ல க்யூ-வை (ஃபில்டர் எவ்வளவு குறுகலுங்கிற நம்பர்) ஏத்தும்போது ஹெட்ஃபோன் கழுத்துல.

சும்மா_கேக்குறேன்: இதுக்கெல்லாம் எந்த லேப்டாப் வாங்கணும் ப்ரோ?

கையில இருக்கறது போதும். ராஸ்பெர்ரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர்லயே ஓடுது.

கோடர்பையன்: சத்தம் ஆரம்பிக்கும்போதும் நிக்கும்போதும் 'டிக்'னு ஒரு சவுண்ட் வருது.

வால்யூமை 0லருந்து 1க்கு ஒரே தாவுல ஏத்துறீங்க. ஸ்பீக்கர் கோனை யாரோ சுண்டி விட்ட மாதிரி, சத்தம் வரத்தான் செய்யும். லைன்~ வச்சு 5 மில்லிசெகண்ட் எடுத்து ஏத்துங்க, இறக்கும்போதும் அப்படியே. பேரு கடைசியில அலைக்குறி இருக்கறதெல்லாம் சவுண்ட் சிக்னல், இல்லாதது மெசேஜ், அந்த வித்தியாசத்தை மட்டும் மனசுல வச்சுக்குங்க.

புது_ஆளு: மேக்ஸ், ப்யூர் டேட்டா, சூப்பர்கொலைடர், எதுல ஆரம்பிக்கலாம்?

மேக்ஸ்ங்கிற சாஃப்ட்வேரும் ப்யூர் டேட்டாவும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. மில்லர் பக்கெட் 80கள்ல பாரிஸ்ல இர்காம்ங்கிற இசை ஆராய்ச்சி நிலையத்துல இருந்தப்ப எழுதுனது மேக்ஸ், அவரே 90கள்ல எழுதுனது ப்யூர் டேட்டா. மேக்ஸ்ங்கிற பேரே, 1957லயே பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல கம்ப்யூட்டரை வச்சு சத்தம் வரவச்ச மேக்ஸ் மேத்யூஸ் ஞாபகமா வச்சது. மேக்ஸுக்குக் காசு கட்டணும், பளபளன்னு இருக்கும். ப்யூர் டேட்டா ஓசி, மூஞ்சி 90கள்லயே நிக்குது. சூப்பர்கொலைடர் ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996ல விட்டது, 2002லருந்து ஓப்பன் சோர்ஸ், டப்பாவை டப்பாவோட கோத்து விடுறது இல்ல, டைப் பண்ணனும். கோடு எழுதத் தெரிஞ்சா அது, இல்லாட்டி ப்யூர் டேட்டா. ரெண்டு நாள் இதை யோசிச்சுட்டே உக்காராதீங்க.

ரெண்டுலயுமே கன்ட்ரோலோட புள்ளியை அழுத்துனா சத்தம் நின்னுரும். வேற எந்த ஷார்ட்கட்டையும் படிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க. நான் ஒரு தடவை ஃபீட்பேக்ல (வெளிய வந்த சத்தத்தையே திருப்பி உள்ள விடுறது, 1க்கு மேல போனா ஏறிக்கிட்டே இருக்கும்) 0.98க்குப் பதிலா 1.02ன்னு அடிச்சிட்டேன், ஹெட்ஃபோன் காதுலயே இருந்துச்சு, ரெண்டு நாள் 'ஙொய்ங்'னுச்சு. இப்ப எந்த பேட்ச்னாலும் டேக்~க்கு (ஸ்பீக்கருக்கு அனுப்புற கடைசி டப்பா) முன்னாடி க்ளிப்~ -0.5 0.5 (அதைத் தாண்டுறதை வெட்டுறது) போடாம எதையும் தொடங்குறதில்ல.

ஷூட்டிங்_ஸ்பாட்: சார் மன்னிக்கணும். நான் இருவது வருஷமா லொகேஷன்ல சவுண்ட் ரெகார்ட் பண்றவன். மழைன்னா மழையில மைக்கை நீட்டணும். 3700 ஹெர்ட்ஸ், 0.9995ன்னு கணக்கு போட்டா அது மழை ஆயிடுமா? எங்கிட்ட ஓட்டுக்கூரை, தகரம், கீத்துக்கொட்டகை, எல்லாத்துலயும் பெஞ்ச மழை இருக்கு.

சார், சினிமான்னா உங்க பக்கம்தான் நான். படத்துல மழை ஒரே மாதிரிதான் பெய்யும், எத்தனை தடவை போட்டாலும் அதே 40 விநாடி, அதுக்கு நிஜ மழைதான் சரி. கேம்ல ஆடுறவன் கொட்டகைக்குள்ள போவான், வெளிய வருவான், சும்மா அரைமணி நேரம் நிப்பான். உங்க 40 விநாடி ஃபைல் அரைமணி நேரத்துல 45 தடவை சுத்தும், அஞ்சாவது சுத்துலயே 'இந்த எடத்துல ஒரு சொட்டு டொக்குன்னு விழுமே'ன்னு காது கண்டுபிடிச்சிரும்.

ஷூட்டிங்_ஸ்பாட்: அப்ப ஒரு மணி நேரம் ரெகார்ட் பண்ணிக்கலாமே.

பண்ணலாம், ஆனா அந்த ஒரு மணி நேரமும் மைக் நின்ன எடத்துல பெஞ்ச மழைதானே சார். ஆடுறவன் தகரத்துக்குக் கீழருந்து மரத்தடிக்கு ஓடுனா? கொஞ்சம் இருங்க, இந்தக் கேள்வியைப் பாத்துட்டு வர்றேன்.

350சிசி: புல்லட் சத்தம். ஆக்சிலரேட்டர் முறுக்க முறுக்க மாறணும். ஃபைலோட பிட்ச்சை ஏத்துனா கார்ட்டூன் மாதிரி ஆயிடுது.

ஆகா, கேளுங்க. ஃபோர் ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டர், ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். ஐடில்ல 900 ஆர்பிஎம்னு வைங்க, நிமிஷத்துக்கு 450 வெடி, விநாடிக்கு 7.5. காதுக்கு விநாடிக்கு 20க்குக் கீழ வந்தா தனித்தனி அடியாத்தான் கேக்கும், அதான் அந்த 'டுப் டுப்'. 3600க்கு முறுக்குனா விநாடிக்கு 30, அடி எல்லாம் ஒட்டிக்கிட்டு 'டர்ர்'னு ஒரே சுருதி. நாலு சிலிண்டர் கார் 900ல நிக்கும்போதே 30 வெடி வந்துரும், அதனாலதான் கார் ஐடில்ல உறுமுது, புல்லட் எண்ணுது.

பிட்ச்சை ஏத்துனா கார்ட்டூன் ஆகுறதுக்குக் காரணம், வெடிக்கிற வேகத்தோட சேந்து சைலென்சரும் சுருங்கிருது. நிஜத்துல வெடி மட்டும்தான் வேகமாகும், குழாய் அதே நீளம். அதனால ரெண்டையும் பிரிச்சு வைங்க. ஃபேசர்~ (0லருந்து 1க்கு திரும்பத் திரும்ப ஏறுற டப்பா) விநாடிக்கு 7.5 தடவை ஓடட்டும், அதை ஒரு கூர்மையான அடியா மாத்துங்க, கூடவே கொஞ்சம் நாய்ஸ். அதை டிலேல (சத்தத்தைக் கொஞ்சம் தாமதமா விடுறது) விட்டு ஃபீட்பேக் குடுத்தா அதான் குழாய். ஒரு மீட்டர் குழாய்னா போய்வர 2 மீட்டர், புகை சூடா இருக்கறதால சத்தம் விநாடிக்கு 343 மீட்டர்ல போகாது, 500 கிட்ட போகும், ஆக டிலே 4 மில்லிசெகண்ட். ப்யூர் டேட்டா 64 சாம்பிள் 64 சாம்பிளாத்தான் கணக்கு போடும், அதனால ஃபீட்பேக் டிலே 1.45 மில்லிசெகண்டுக்குக் கீழ போகாது, 4க்கு பிரச்சினை இல்ல. ஃபீட்பேக் 0.6, 0.7 போதும், 1ஐத் தொடாதீங்க. ஹெட்ஃபோன் எங்க இருக்குன்னு பாத்துக்குங்க.

இன்னும் மெஷின் மாதிரி இருந்தா, ஒவ்வொரு வெடிக்கும் நேரத்தையும் பலத்தையும் நாலஞ்சு சதவீதம் முன்னப்பின்ன ஆட்டி விடுங்க, பத்து அடிக்கு ஒண்ணு தொங்கலா விழட்டும். அந்தத் தொங்கல் வந்தப்பதான் பக்கத்து ரூம்லருந்து 'யாருடா வண்டியை ஆஃப் பண்ணாம வந்தது'ன்னு கேட்டாங்க. எனக்குக் கிடைச்ச ஒரே அவார்டு.

லூப்மச்சான்: அண்ணே டிக் டிக்னு வருது.

மேல, கோடர்பையனுக்கு.

ஷூட்டிங்_ஸ்பாட்: புல்லட் கணக்கு நல்லாருக்கு, ஒத்துக்குறேன். ஆனா மழைக்கு வாங்க. உங்க மழையைக் கண்ணை மூடிக்கிட்டு கேட்டா மழைன்னு யாராவது சொல்லுவாங்களா?

இதுல நான் தோத்த கதையையும் சொல்லிடறேன். என்னோட முதல் தகர மழையை அம்மாகிட்ட போட்டுக் காட்டி, என்ன சத்தம்மான்னேன். 'அப்பளம் பொரியுது'ன்னாங்க. ரெண்டாவது தடவை மாத்திப் போட்டேன், 'எங்கயோ கை தட்டுறாங்க'. கோவம் வந்துச்சு, ஆனா யோசிச்சா அவங்க சொன்னதுல தப்பே இல்ல. அப்பளம், கைதட்டு, மழை மூணுமே குட்டிக் குட்டி சத்தம் ஆயிரம் ஒண்ணா சேர்றதுதான், விநாடிக்கு எத்தனை, ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம் நீளுதுங்கிறதுல மட்டும்தான் வித்தியாசம். ரேடியோ நாடகத்துல தட்டுல பட்டாணியை உருட்டி மழைன்னு நம்ப வச்சதும் அதே சூட்சுமம்தானே சார், அங்க மைக் மழையில நனையவே இல்லையே?

ஷூட்டிங்_ஸ்பாட்: பட்டாணி நிஜப் பொருள். உங்களுது வெறும் நம்பர்.

டேப்ல விழுந்தா ரெண்டும் ஒண்ணுதான்.

கேம்ஜாம்: நடுவுல வர்றேன், ரெண்டையும் சேத்துக்கக்கூடாதா? அவரோட ரெகார்டிங்லருந்து துளியை மட்டும் வெட்டி எடுத்து, எப்ப விழணும்கிறதை உங்க 0.9995 முடிவு பண்ணட்டும்.

இதைச் சொல்ல ஒருத்தர் வரமாட்டாரான்னு பாத்துட்டு இருந்தேன். வேலைக்குன்னு வந்தா நானும் அதைத்தான் பண்றேன், 30 தனித்துளி, அதுல எது, எவ்வளவு சத்தமா, எந்த நேரத்துலங்கிறதை மட்டும் பேட்ச் முடிவு பண்ணும். ஆனா முழுசா நம்பர்லயே ஒரு தடவை கட்டிப் பாத்தவனுக்குத்தான் எதை வெட்டி எடுக்கணும்னே தெரியும், அதை மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன்.

ப்ளஸ்டூ: எந்த லேப்டாப் வாங்கலாம் சார்?

தம்பி, மேல.

தண்ணிலாரி: குடத்துல தண்ணி ரொம்புற சத்தம் பண்ண முடியுமா?

நல்ல கேள்வி. அடுப்படியில நின்னுக்கிட்டே 'குடம் நெறைஞ்சிருச்சு, குழாயை மூடு'ன்னு எப்படி சொல்றாங்க? பாத்து இல்ல, கேட்டு. ரெண்டு சத்தம் சேந்து வருது. ஒண்ணு தண்ணிக்குள்ள மாட்டுற காத்துக்குமிழி, ஒவ்வொண்ணும் ஒரு மணி மாதிரி. மின்னார்ட்னு ஒருத்தர் 1933லயே கணக்கு சொல்லிட்டாரு, ஒரு மில்லிமீட்டர் ஆரம்னா 3000 ஹெர்ட்ஸ் கிட்ட, ஆரம் ரெட்டிச்சா சுருதி பாதி. ஒரு சைன் அலையை எடுத்து, சட்டுன்னு ஆரம்பிச்சு 20, 30 மில்லிசெகண்ட்ல அமுங்க விட்டு, போகும்போது சுருதியைக் கொஞ்சம் மேல தூக்கி விடுங்க, 'ப்ளுக்'. இன்னொண்ணு குடத்துக்குள்ள மிச்சம் இருக்கற காத்து. தண்ணி ஏற ஏற காத்து எடம் குறையும், கழுத்து வரைக்கும் அது நாலுல ஒண்ணா ஆனா சுருதி ரெட்டிக்கும். குமிழி எல்லாத்தையும் ஒரு பேண்ட்பாஸ் வழியா விட்டு அதை மெல்ல ஏத்துங்க, கண்ணை மூடுனா குடம் தெரியும்.

ராத்திரிப்பறவை: இடி?

கிலோமீட்டருக்கு மூணு விநாடி தாமதம், அது எல்லாருக்கும் தெரியும். உருளுறது ஏன்னா மின்னல் பல கிலோமீட்டர் நீளம், கிட்ட இருக்கற துண்டோட சத்தம் முதல்ல வரும், தூரத்துத் துண்டு பத்து விநாடி கழிச்சு வரும். அதனால ஒரு வெடி வச்சு ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) போடாதீங்க. நூறு வெடி வச்சு ஒவ்வொண்ணுக்கும் தூரம் குடுங்க, தூரம் கூடக் கூட லோபாஸை (கீழ் சுருதியை மட்டும் விடுற ஃபில்டர்) இறக்குங்க.

சுரம்7: நாதஸ்வரம் செய்ய முடியுமா?

என்னால முடியாது. சீவாளி (வாயில வச்சு ஊதுற பகுதி) பெரிய சப்ஜெக்ட், ஃபிசிக்கல் மாடலிங் (கருவி இயங்குற விதத்தையே கணக்கு போடுறது) பண்றவங்களைப் பிடிங்க.

டெக்தம்பி: இப்பதான் ஏஐகிட்ட 'மழை'ன்னு எழுதுனா மழை வந்துருதே, இதெல்லாம் எதுக்கு?

வர்றது இன்னொரு ஃபைல். ஆடுறவன் கொட்டகைக்குள்ள ஓடும்போது அதை எப்படி மாத்துவீங்க? மேல போய் முதல்லருந்து படிங்க.

லூப்மச்சான்: அண்ணே 5 மில்லிசெகண்ட் போட்டும் டிக் வருது.

இறக்கும்போது போட்டீங்களா? ஏத்தும்போது மட்டும்தான் போட்டிருப்பீங்க.

லூப்மச்சான்: ஆமாண்ணே 🙏

ஷூட்டிங்_ஸ்பாட்: சரி சார், அந்தத் தகர பேட்சை அனுப்புங்க, கேட்டுப் பாக்குறேன்.

அனுப்புறேன். பதிலுக்கு உங்க கீத்துக்கொட்டகை மழை ஒரு நிமிஷம் வேணும், அதை மட்டும் எனக்கு நம்பர்ல பிடிக்கவே முடியல, கீத்துல துளி விழுந்தா சத்தமே வராம ஒரு மாதிரி அமுங்குது. ஃபேன் ஓடாம ரெகார்ட் பண்ணது இருந்தா அது. பேட்ச்சைத் திறக்கும்போது ஹெட்ஃபோன் கழுத்துல சார்.

ஷூட்டிங்_ஸ்பாட்: நான் எப்பவுமே கழுத்துலதான் போட்டிருப்பேன்.