‘பொறுப்போடு பறக்கவும்’ என்று மேலிடம் எழுதினால் விமானி மனசில் என்ன ஓடும்? – கேள்வி பதில்

நான் 26 ஆண்டுகள் பயணிகள் விமானம் ஓட்டியவன். அதில் 17 ஆண்டுகள் கேப்டன். விமான நிறுவனத்தின் மேலிடத்திலிருந்து விமானிகளுக்கு அவ்வப்போது ஒரு கடிதம் வரும். ‘புரொபஷனலாக நடந்துகொள்ளுங்கள், லீடர்ஷிப்பைக் காட்டுங்கள்’ என்று இருக்கும். எந்த நாட்டு விமானியானாலும் இந்தக் கடிதங்களை ஏன் கசப்போடு படிக்கிறார் என்று பல பேர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, திருநெல்வேலி): ஒழுங்காக வேலை செய்யுங்கள் என்று மேலதிகாரி சொல்வதில் என்ன தவறு சார்? எங்களுக்கும்தான் மாதம் ஒரு சுற்றறிக்கை வருகிறது. விமானிகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கோபம்?

சொல்வதில் தவறே இல்லை டீச்சர். அது எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். எங்காவது விபத்தோ அவமானமோ நடந்த மறுவாரம் வரும். இல்லையென்றால் சம்பளப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டிருக்கும்போது, விமானங்கள் தாமதமாகும்போது வரும்.

விமானி ஓயாமல் சோதிக்கப்படுகிறவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் என்ற மாதிரி விமானத்தில் உட்கார வைத்து என்ஜின் கோளாறு, தீ என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டால் அன்றோடு பறக்க முடியாது. தரையிறங்கும்போது வேகம் கொஞ்சம் கூடினாலும் பதிவுக் கருவி காட்டிக்கொடுத்துவிடும், மறுநாள் போன் வரும். இத்தனைக்கும் மேல் ‘பொறுப்போடு இருங்கள்’ என்று ஒரு வரி வந்தால், ‘இத்தனை நாள் நான் எப்படி இருந்தேனாம்?’ என்றுதான் மனசு கேட்கும்.

அந்தக் கடிதத்தை விமானி தனியாகப் படிப்பதில்லை, அடுத்த மாத ரோஸ்டரோடு, அதாவது டியூட்டிப் பட்டியலோடு, சேர்த்துத்தான் படிப்பார். கடிதத்தில் பாதுகாப்புக்கே முதலிடம் என்று இருக்கும். ரோஸ்டரில் அடுத்தடுத்து மூன்று விடியற்காலை டியூட்டி இருக்கும். ரோஸ்டரைத்தான் அவர் நம்புவார்.

கேள்வி (பொறியியல் மாணவர், கோவை): நிஜமாக நடந்த ஒரு சம்பவத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

2009-ஐ எடுத்துக்கொள்வோம் தம்பி. அமெரிக்க விமானிகள் இன்னும் மறக்காத ஆண்டு அது.

பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் விமானம் இறங்கும் நேரத்தில் விழுந்தது. தரையில் வீட்டில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். விமானம் வேகம் குறைந்து, இறக்கைகள் தூக்கும் சக்தியை இழக்கப்போகிறது என்று ஸ்டிக் ஷேக்கர் என்ற கருவி விமானியின் கைப்பிடியை அதிரவைத்து எச்சரித்தது. அந்தக் கைப்பிடியை முன்பக்கம் தள்ள வேண்டிய கேப்டன் பின்னால் இழுத்துவிட்டார். அதற்குக் கொஞ்ச நேரம் முன்புவரை விமானிகள் இருவரும் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சில் இருந்தார்கள். 10,000 அடிக்குக் கீழே அப்படிப் பேசவே கூடாது.

உடனே எல்லாப் பக்கமும் ‘புரொபஷனலிசம் போய்விட்டது’ என்ற பேச்சுதான். என்டிஎஸ்பி என்கிற விபத்து விசாரணை வாரியம் 2010 மே மாதம் இதற்கென்றே வாஷிங்டனில் மூன்று நாள் கூட்டம் நடத்தியது.

ஆனால் விசாரணையில் இன்னொரு பக்கமும் வெளிவந்தது. அந்த விமானத்தின் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி, சியாட்டில் பக்கத்தில் பெற்றோர் வீட்டில் இருந்தவர். முந்தின இரவு சரக்கு விமானத்தில் தொற்றிக்கொண்டு மெம்பிஸ் வழியாக நியூவார்க் வந்து சேர்ந்தார். ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்று விசாரணையில் பேசப்பட்டது. நிறுவனம் பிறகு அதைவிடக் கூடுதலான தொகையைச் சொன்னது. எதுவானாலும் நியூவார்க்கில் வீடு பிடிக்கிற சம்பளம் இல்லை. அன்று அவருக்குச் சளி வேறு. லீவு சொன்னால் கைக்காசு போட்டு ஓட்டலில் தங்க வேண்டுமே என்று அவர் சொன்னது காக்பிட் (விமானி அறை) ஒலிப்பதிவில் இருக்கிறது. கேப்டனும் முந்தின இரவு நியூவார்க்கில் கிரூ ரூமில், அதாவது விமான ஊழியர்களின் அறையில்தான் தூங்கியிருந்தார்.

இந்தக் களைப்பு விபத்துக்கு எவ்வளவு காரணம் என்பதில் வாரியத்துக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அறிக்கையின் காரணப் பட்டியலில் களைப்பு இடம்பெறவில்லை. சேர்த்திருக்க வேண்டும் என்று அப்போதைய தலைவர் டெபோரா ஹெர்ஸ்மன் தனியாக எழுதி வைத்தார்.

அதே பிப்ரவரியில், முந்தின மாதம் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் 155 பேரோடு விமானத்தை இறக்கிய கேப்டன் சல்லன்பெர்கர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் பேசினார். பாராட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவரோ தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியத் திட்டமே கலைக்கப்பட்டதையும் சொன்னார். திறமையானவர்கள் இந்தத் தொழிலுக்கு இனி வருவார்களா என்று கேட்டார். அன்று காக்பிட்டில் இருந்த ஆயிரக்கணக்கானவர்கள் சொல்ல நினைத்தது அதுதான். பறக்கும் தரத்தைக் கேளுங்கள், கொடுக்கிறோம். அந்தத் தரத்தோடு ஒருவன் வாழ்வதற்கு வழி செய்திருக்கிறீர்களா?

கேள்வி (வங்கி ஊழியர், தஞ்சாவூர்): ஆனாலும் அந்த கேப்டன் செய்தது தப்புதானே? எல்லாவற்றையும் நிர்வாகத்தின் தலையில் கட்டிவிடுவதா?

தப்புதான். மழுப்ப மாட்டேன். அதே ஆண்டு அக்டோபர் 21-ல் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் 188-ஆம் விமானத்தில் ஒரு சம்பவம் நடந்தது. சான்டியேகோவிலிருந்து மினியாபொலிஸ் போன அதன் விமானிகள் இருவரும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ரேடியோவில் பதில் சொல்லவில்லை. இறங்க வேண்டிய ஊரையே தாண்டிப் போய்விட்டார்கள். லேப்டாப்பில் மூழ்கியிருந்தார்களாம். இருவரின் லைசென்சும் பறிக்கப்பட்டது. அதைக் கேட்டு எந்த நல்ல விமானியும் அவர்களுக்காகப் பேசவில்லை, வெட்கப்பட்டோம்.

ஆனால் லேப்டாப்பில் என்ன பார்த்தார்கள் தெரியுமா? இரண்டு நிறுவனங்கள் இணைந்ததால் புதிதாக வந்த ரோஸ்டர் முறையை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இதனால் குற்றம் குறையாது. ஆனாலும் அவர்கள் கவனத்தைத் தின்றது எது என்று ஒரு நல்ல நிர்வாகம் யோசித்திருக்கும்.

தங்களுக்குள் ஒழுங்கு காக்கும் வழக்கமும் விமானிகளிடம் உண்டு. அமெரிக்க விமானிகள் சங்கமான ஆல்பாவில் ‘புரொபஷனல் ஸ்டாண்டர்ட்ஸ்’ என்று குழுக்களே இருக்கின்றன. கேப்டனும் ஃபர்ஸ்ட் ஆபீசரும் முறைத்துக்கொண்டாலோ ஒருவர் நடத்தை சரியில்லை என்றாலோ சக விமானி கூப்பிட்டுப் பேசுவார். சக விமானி சொன்னால் சுருக்கென்று தைக்கும், ஏனென்றால் அவரும் நேற்று அதே இரவு டியூட்டி பார்த்தவர்.

கேள்வி (சென்னை): தொப்பி, டை, ஷூ பாலிஷ் பற்றியெல்லாம் கடிதம் வருமாமே?

வரும். சீருடை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. பயணி முதலில் பார்ப்பது அதைத்தான். ஆனால் ஒரு கடிதத்தில் தொப்பிக்கு ஒரு பத்தியும் தூக்கத்துக்கு ஒரு வரியும் இருந்தால் மனசு விட்டுப்போகும்.

கேள்வி (அயர்லாந்தில் வேலை பார்க்கும் நர்ஸ்): இங்கே ரயனேர் விமான நிறுவனத்தின் முதலாளி விமானிகளைப் பற்றிப் பேசியது பெரிய செய்தியானது என்று சொல்வார்கள். என்ன நடந்தது ஐயா?

2017 செப்டம்பர் அம்மா. விமானிகளின் விடுமுறைக் கணக்கில் நிறுவனம் குளறுபடி செய்துவிட்டு, ஆறு வாரத்துக்கு ஒரு நாளைக்கு 40, 50 விமானங்கள் என்று ரத்து செய்தது. விடுமுறையை விட்டுக்கொடுத்தால் கேப்டனுக்கு 12,000 பவுண்டு, ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு 6,000 பவுண்டு தருகிறோம் என்றது. பெரும்பாலான தளங்களில் விமானிகள் மறுத்துவிட்டார்கள். அதே வாரம் பங்குதாரர் கூட்டத்தில் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி மைக்கேல் ஓ’லியரி, இது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை என்ற பொருளில் பேசினார். அக்டோபர் தொடக்கத்தில் அவரே விமானிகளுக்கு வருத்தம் தெரிவித்து, பாராட்டி, நல்ல சம்பளம் தருவதாகவும் சொல்லிக் கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதம் ஏன் எடுபடவில்லை என்பதுதான் முக்கியம். அங்கே பல விமானிகள் நிறுவனத்தின் நேரடி ஊழியர்களே இல்லை, ஏஜென்சி மூலமாக ஒப்பந்தத்தில் பறந்தவர்கள். விமானி சங்கத்தோடு பேசவே மாட்டோம் என்பது நிறுவனத்தின் பல வருடக் கொள்கை. மன்னிப்பும் பாராட்டும் வந்தன, ஆனால் உட்கார்ந்து பேச ஒரு மேஜை வரவில்லை. டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் வேலைநிறுத்தம் என்றதும்தான் சங்கங்களை முதன்முதலாக அங்கீகரித்தார்கள். காசைவிட அந்த மேஜை அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி (மனிதவள அதிகாரி, பெங்களூரு): லீடர்ஷிப் பற்றி விமானிகளுக்குச் சொல்லித்தர நிர்வாகத்திடம் ஒன்றுமே இல்லை என்கிறீர்களா?

விமானிகள் அந்தப் பாடத்தை உயிர்கொடுத்துக் கற்றவர்கள். 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்து அருகே யுனைடெட் நிறுவனத்தின் 173-ஆம் விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 10 பேர் இறந்தார்கள். சக்கரக் கோளாற்றிலேயே கேப்டனின் கவனம் இருந்தது. எரிபொருள் குறைகிறது என்று காக்பிட்டில் இருந்த மற்ற இருவரும் சொன்னது அவர் மனசில் ஏறவில்லை. அவர்களும் குரல் உயர்த்திச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான், 1981-ல், கீழே இருப்பவர் பேசவும் மேலே இருப்பவர் கேட்கவும் யுனைடெட் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. இன்று அதை சிஆர்எம் (க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்) என்று உலகம் முழுக்கக் கற்பிக்கிறார்கள்.

1989-ல் அதே நிறுவனத்தின் 232-ஆம் விமானம் விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் ஹைட்ராலிக் முழுவதையும் இழந்தது. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்த பயிற்சி விமானி டென்னி ஃபிட்சிடம் த்ராட்டிலை, அதாவது என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியைக் கொடுத்தார். காக்பிட்டில் எல்லோர் சொல்லையும் கேட்டார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

இந்தப் பாடத்தில் வளர்ந்தவனுக்கு லீடர்ஷிப் என்றால் கீழே இருப்பவன் சொல்வதைக் கேட்பது. பதில் அனுப்பவே வழியில்லாத ஒரு மின்னஞ்சலில் லீடர்ஷிப் பற்றி எழுதி வந்தால் அவன் மனசு எப்படி ஒப்பும்? காக்பிட்டில் நீங்கள் எங்களிடம் கேட்பதை நீங்களும் செய்யுங்கள் மேடம். அவ்வளவுதான் கேட்கிறோம்.

கேள்வி (மதுரை): இந்தியாவில் நிலைமை?

டியூட்டி நேர விதிகளை டிஜிசிஏ என்கிற விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் திருத்தியது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது. இரவு என்ற கணக்கு காலை 5 வரை இருந்தது, 6 வரை நீண்டது. அந்த நேரத்தில் இறங்கும் எண்ணிக்கை 6-லிருந்து 2-ஆகக் குறைந்தது. நிறுவனங்கள் கால அவகாசம் கேட்க, நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய வேண்டிவந்தது. உடனே அந்த நிறுவனத்துக்கு இரவு டியூட்டி விதிகளில் தற்காலிக விலக்கு கிடைத்தது. விமானி சங்கங்கள் எதிர்த்தன. இரண்டு வருடம் முன்பே தெரிந்த விதி அது.

அதே சமயம், 2017 முதல் ஒரு கேப்டன் வேலையை விட வேண்டுமானால் ஒரு வருடம் முன்னறிவிப்பு தர வேண்டும், ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாதம். கிளம்பும் உரிமை அவ்வளவு சுருங்கியிருக்கும் இடத்தில் ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று கடிதம் வந்தால் வலிக்கத்தான் செய்யும்.

கேள்வி (ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசரின் அம்மா, திருச்சி): என் மகன் களைப்பாக இருக்கிறது என்று ஒருநாள் டியூட்டியை மறுத்தான். மறுநாள் ‘புரொபஷனலாக இரு’ என்று மெயில் வந்திருக்கிறது. பயந்துபோய் இருக்கிறான். என்ன செய்யட்டும் தம்பி?

அம்மா, முதலில் அவனிடம் சொல்லுங்கள்: அவன் செய்தது சரி. களைத்த விமானி பறக்க மறுப்பது அவன் கடமை. அமெரிக்காவில் 2014 ஜனவரியில் வந்த விதி, பறக்கத் தகுதியாக இருக்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் விமானியே உறுதி தர வேண்டும் என்கிறது. களைப்பைத் தவிர்ப்பது நிறுவனத்துக்கும் விமானிக்கும் கூட்டுப் பொறுப்பு என்றும் சொல்கிறது.

எனக்கும் இது நடந்தது. மூன்றாவது இரவு, நாலாவது செக்டார் (ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கான பறப்பு), முடியாது என்றேன். மறுநாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அரை மணி நேரம் லீடர்ஷிப் பற்றிப் பேசினார்கள். எத்தனை மணி தூங்கினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்றும் அது ஆறவில்லை.

மெயிலுக்குக் கோபத்தில் பதில் போட வேண்டாம். களைப்பு அறிக்கையை அன்றைக்கே எழுதியிருந்தால் அதன் நகலை வைத்துக்கொள்ளட்டும். எழுதாவிட்டால் இன்றே எழுதட்டும்: எத்தனை மணிக்கு டியூட்டி முடிந்தது, எத்தனை மணி நேரம் தூங்கினான், எத்தனை மணிக்கு மறுத்தான். பிறகு இரண்டே வரியில் ‘அறிக்கை இணைத்துள்ளேன்’ என்று பதில். சங்கத்தில் ஒரு மூத்தவரிடம் காட்டிவிட்டு அனுப்பட்டும். தனியாக இதைச் சுமக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி (விமான நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பிரிவு): அப்படியானால் எப்படித்தான் எழுதுவது? விமானிகள் ஏற்றுக்கொண்ட கடிதத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். ஒரு மழைக்காலம், பலத்த மழையில் எங்கள் கேப்டன் ஒருவர் இரண்டு முறை இறங்கப் பார்த்துவிட்டு வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார். பயணிகள் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள், பெரிய சத்தம். மறுநாள் ஆபரேஷன்ஸ் தலைவர் எல்லோருக்கும் மூன்று வரி அனுப்பினார். ‘நேற்று நம் கேப்டன் இறங்காமல் திரும்பியது சரியான முடிவு. எரிபொருள் செலவு பற்றி அவரிடம் யாரும் பேசக் கூடாது. புகார்களுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.’

யாரோ அதை அச்செடுத்து கிரூ ரூம் பலகையில் குத்தி வைத்தார்கள். நான் அந்தத் தளத்திலிருந்து மாற்றலாகிப் போகும்வரை அது அங்கேயேதான் இருந்தது.