அமெரிக்க அரசின் ஃபெடரல் ரெஜிஸ்டர் அறிவிப்பை எப்படிப் படிப்பது? வீட்டில் இருப்பவர்களுக்கு அதை எளிய தமிழில் எப்படிச் சொல்வது?

உங்கள் மகன் அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் படிக்கிறார், அது பற்றி வந்த வாட்ஸ்அப் செய்தி உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்லும் "எஃப்-1 ஸ்டூடன்ட்ஸுக்கு இனி 4 வருஷம்தான், ரூல் போட்டுட்டாங்க" என்ற வாட்ஸ்அப் செய்திக்கு மூலம், 2025 ஆகஸ்ட் 28 அன்று ஃபெடரல் ரெஜிஸ்டரில், அதாவது அமெரிக்கக் கூட்டரசின் அரசிதழில், வந்த ஓர் ஆவணம். படிப்பு முடியும்வரை தங்கலாம் என்ற பழைய ஏற்பாட்டுக்குப் பதிலாக, அதிகபட்சம் 4 ஆண்டு என்று தேதி குறித்து அனுமதிக்கலாம் என்கிறது அது. படிப்பு முடிந்தபின் கிடைக்கும் 60 நாள் அவகாசத்தை 30 ஆக்கவும் சொல்கிறது. ஆனால் அது முன்மொழிவு. இப்படி ஒரு விதி போட நினைக்கிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்பது. அது வெளியான நாளில் ஒரு மாணவருக்கும் எதுவும் மாறவில்லை.

இதைத் தெரிந்துகொள்ள முழு ஆவணத்தையும் படிக்க வேண்டியதில்லை. ஃபெடரல் ரெஜிஸ்டரில் விதி சார்ந்த எந்த ஆவணமும் ஒரே வரிசைத் தலைப்புகளோடுதான் தொடங்கும்: ஏஜென்ஸி, ஆக்‌ஷன், சம்மரி, டேட்ஸ், அட்ரஸஸ், யாரைத் தொடர்புகொள்வது, அதன்பின் நீண்ட விளக்கம். பெரும்பாலானோர் சம்மரிக்கு நேராகப் போய்விடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் முன்மொழிவின் சம்மரியும் இறுதி விதியின் சம்மரியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். முதலில் ஆக்‌ஷன் வரி, அடுத்து டேட்ஸ். இந்த இரண்டையும் பார்க்காமல் யாருக்கும் எதையும் அனுப்பாதீர்கள்.

ஆக்‌ஷன் வரியில் 'ப்ரபோஸ்டு' என்று இருந்தால் முன்மொழிவு. 'ஃபைனல் ரூல்' என்றால் முடிவான விதி. ஆனாலும் அன்றே அமலாகிவிட்டது என்று அர்த்தமில்லை. 1946-இன் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, வெளியான நாளுக்கும் அமலுக்கு வரும் நாளுக்கும் இடையே பொதுவாக 30 நாளாவது இருக்க வேண்டும். பொருளாதாரத் தாக்கம் பெரிதாக இருக்கும் விதிகளுக்கு 60 நாள். 'வித்ட்ராயல்' என்றால் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். 'கரெக்‌ஷன்' என்றால் முன்பு அச்சானதில் பிழைதிருத்தம். சின்னதாக இருக்கும், ஆனால் சில நேரம் தேதியையே மாற்றிவிடும்.

ஏமாற்றக்கூடியது 'இன்டரிம் ஃபைனல் ரூல்'. முதல் சொல்லைப் பார்த்து "தற்காலிகம்தான், இன்னும் முடிவாகவில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது முதலில் அமல், கருத்துக்கேட்பு பிறகு. தாமதிக்க முடியாததற்குத் தகுந்த காரணம் இருப்பதாகச் சொல்லி, முன்கூட்டிக் கருத்துக் கேட்பதையும் 30 நாள் இடைவெளியையும் நிறுவனம் தாண்டிவிடுகிறது. வேலை அனுமதி அட்டை விஷயத்தில் 2025 அக்டோபர் 30 அன்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை செய்தது இதுதான். அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும்போது, பழைய அட்டை 540 நாள்வரை தானாக நீளும் சலுகை இருந்தது. வெளியான அன்றே அது நின்றது. ஹெச்-1பி வேலை விசாக்காரர்களுடன் வந்து ஹெச்-4 விசாவில் வேலை செய்யும் வாழ்க்கைத் துணைவர்களை நேராகப் பாதித்த விதி இது. கருத்துச் சொல்ல டிசம்பர் 1 வரை நேரம் கொடுத்தார்கள், விதி அமலில் இருக்கும்போதே.

இவை எதிலும் சேராதது குடியரசுத் தலைவரின் பிரகடனமும் நிர்வாக ஆணையும். அவையும் ஃபெடரல் ரெஜிஸ்டரில் அச்சாகும், ஆனால் தனிப் பிரிவில். கருத்துக்கேட்பு கிடையாது. புதிய ஹெச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் என்ற பிரகடனம் 2025 செப்டம்பர் 19-இல் கையெழுத்தாகி 21-ஆம் தேதி அதிகாலை 12:01-க்கு அமலுக்கு வந்தது. ரெஜிஸ்டரில் அச்சானது அதற்குப் பிறகு. அப்படிப்பட்ட நாட்களில் ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. வெள்ளை மாளிகைத் தளத்தில்தான் மூலப் பிரதி இருக்கும்.

தேதிகளுக்கு வருவோம். செய்தித்தாள்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் அச்சுக்கு முந்தைய பிரதியை வைத்துத்தான். வெளியீட்டுக்கு முந்தைய அலுவல் நாள் காலை 8:45-க்கு, கிழக்கு நேரப்படி, அது பொதுப் பார்வைக்கு வைக்கப்படும். அதில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குள் "ஃபெடரல் ரெஜிஸ்டரில் வெளியான தேதியிலிருந்து 30 நாள் கழித்து வரும் தேதியை இங்கே இடவும்" என்ற பொருளில் பெரிய எழுத்தில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு அன்றிலிருந்தே 30 நாளை எண்ணி ஃபார்வர்டு செய்பவர்கள் ஏராளம். எண்ண வேண்டியது அச்சான நாளுக்கு மறுநாளிலிருந்து; மறுநாள்தான் 1. கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது கூட்டரசு விடுமுறையில் விழுந்தால் அடுத்த அலுவல் நாள். மாணவர் விசா முன்மொழிவையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆகஸ்ட் 28-இலிருந்து 30-ஆவது நாள் செப்டம்பர் 27, சனிக்கிழமை. அதனால்தான் கடைசி நாள் 29, திங்கள் என்று போட்டார்கள்.

டேட்ஸ் பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட தேதி இருந்தால் ஒவ்வொன்றும் எதற்கு என்று பாருங்கள். அமலாகும் தேதி வேறு, கட்டாயமாகப் பின்பற்றத் தொடங்க வேண்டிய தேதி வேறு, யாருடைய விண்ணப்பத்துக்குப் பொருந்தும் என்ற தேதி வேறு. குடியேற்ற விஷயத்தில் மூன்றாவதுதான் உயிர்நாடி. சில நேரம் அது டேட்ஸில் இருக்காது, உள்ளே விளக்கத்தில்தான் இருக்கும். மேலே சொன்ன வேலை அனுமதி விதியிலும் அக்டோபர் 30-க்கு முன் புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களின் நீட்டிப்பைத் தொடவில்லை. "எல்லாருக்கும் போச்சு" என்று அன்று பரவியது தவறு.

இனி உள்ளே. நூற்றுக்கணக்கான பக்கம் என்று மலைக்க வேண்டாம். அதில் பெரும்பகுதி முகவுரை: ஏன் இந்த விதி, செலவு எவ்வளவு, வந்த கருத்துகளுக்குப் பதில் என்ன. அது சட்டமல்ல. சட்டமாகும் வாசகம் கடைசியில், பகுதி எண்களோடு சில பக்கங்களில் இருக்கும். விதிகளின் வாசகம் போய்ச் சேரும் கூட்டரசு விதித் தொகுப்பு (சிஎஃப்ஆர்) 50 தலைப்புகள் கொண்டது; குடியேற்றத்துக்கு 8, மருந்து, உணவுக்கு 21, வரிக்கு 26. தலைப்பு 8-இன் 214.2-இல், எஃப் என்ற உட்பிரிவு மாணவர்களுக்கு, ஹெச் உட்பிரிவு ஹெச்-1பி போன்றவற்றுக்கு.

அந்தக் கடைசிப் பக்கங்களைப் படிக்கும்போது ஐந்து நட்சத்திரக் குறிகள் கொண்ட வரி அடிக்கடி வரும். அங்கே இருந்தது நீக்கப்பட்டதாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். நேர் எதிர்: நட்சத்திரம் இருக்கும் இடத்தில் பழைய வாசகம் அப்படியே தொடர்கிறது, மாறாததால் மறுபடி அச்சிடவில்லை. உண்மையில் நீக்கினால் 'ரிமூவ்' என்று எண் குறிப்பிட்டுச் சொல்வார்கள். 'ரிவைஸ்' என்றால் அந்தப் பத்தியை எடுத்துவிட்டுக் கீழே இருப்பதை வை. 'ஆட்' என்றால் புதிதாகச் சேர். 'ரீடெசிக்னேட்' என்றால் எண் மட்டும் மாறுகிறது. இதனால் இறுதி விதியை மட்டும் வைத்துக்கொண்டு முழு வாசகத்தைப் படிக்க முடியாது. அந்தத் தொகுப்பின் இணையப் பதிப்பான இ-சிஎஃப்ஆர் தளத்தில் அதே பகுதியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தேதிகளைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும் அங்கே உண்டு. விதி அமலானபின் என்ன மாறியது என்பதைக் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

ஒரு செய்தி உண்மையா என்று சோதிக்க, மேற்கோள் எண்ணைப் பாருங்கள். "85 எஃப்ஆர் 60526" என்றால் 85-ஆவது தொகுதி, 60526-ஆம் பக்கம். முதல் தொகுதி 1936. ஆகவே தொகுதி எண்ணோடு 1935-ஐக் கூட்டினால் ஆண்டு. 85 என்றால் 2020. மேலே சொன்ன எண் வேறெதுவும் இல்லை, 2020 செப்டம்பர் 25 அன்று இதே மாணவர் விசா காலவரம்பை முதல்முறை முன்மொழிந்த ஆவணம். 2021 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றார்கள். பழைய ஆவணத்தை இன்றைய செய்தி போலச் சுற்றவிடுவதை இந்தக் கூட்டலே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு முன்மொழிவு என்னவாயிற்று என்று பின்தொடர, தலைப்பை கூகுளில் தேடாதீர்கள். ஆவணத்தின் மேலேயே டாக்கெட் எண்ணும் (அந்த விதிக்கான கோப்பு எண்) ஆர்ஐஎன் எண்ணும் (விதியின் அடையாள எண்) இருக்கும். ஆர்ஐஎன் என்பது நான்கு இலக்கம், ஒரு சிறுகோடு, இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம். முன்மொழிவிலிருந்து இறுதி விதிவரை அது பொதுவாக மாறாது. அதைத் தேடினால் அந்த விதியின் மொத்த வரலாறும் வரும். பொறுமை வேண்டும்: ஹெச்-1பி நவீனமாக்கல் முன்மொழிவு 2023 அக்டோபர் 23-இல் வந்தது. அதில் குலுக்கல் முறை பற்றிய பகுதி மட்டும் 2024 பிப்ரவரி 2-இல் தனியாக இறுதியானது. மீதி 2024 டிசம்பர் 18-இல் வந்து, 2025 ஜனவரி 17-இல்தான் அமலானது. நடுவில் ஒரு முக்கியமான மாற்றமும் நடந்தது. கூடுதலாகச் சிறப்புப் பாடம் எதுவும் இல்லாத வணிக நிர்வாகப் பட்டம் போன்ற பொதுப் பட்டங்கள் போதாது என்று முன்மொழிவில் பெயர் சொல்லியே எழுதியிருந்தார்கள். எதிர்ப்புக் கருத்துகள் வந்தபின் இறுதி விதியில் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டார்கள்.

ஆகவே கருத்து அனுப்புவது வீண்வேலை அல்ல. ரெகுலேஷன்ஸ் டாட் கவ் தளத்தில் டாக்கெட் எண்ணைப் போட்டு அனுப்பலாம். பெட்டியில் 5,000 எழுத்துக்குறிகள் கொள்ளும். அதற்கு மேல் என்றால் 20 கோப்புகள்வரை, ஒவ்வொன்றும் 10 எம்பிக்குள், இணைக்கலாம். அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஆங்கிலத்தில் அல்லது ஆங்கில மொழிபெயர்ப்போடு கேட்கும். அதிகாரிகளுக்கு அனுப்பும் மின்னஞ்சலைக் கணக்கில் எடுக்காது. கடைசி நேரம் பொதுவாகக் கிழக்கு நேரப்படி இரவு 11:59. இந்தியாவில் அது மறுநாள் காலை, அங்கே கோடைகாலக் கணக்கு இருக்கும்போது 9:29, இல்லாதபோது 10:29. நீங்கள் எழுதுவது பொதுவெளியில் வரும், பாஸ்போர்ட் எண், ஏ-நம்பர் (குடியேற்றத் துறை தரும் அடையாள எண்) எதையும் போடாதீர்கள். நூறு பேர் ஒரே வாசகத்தை வெட்டி ஒட்டினால் அது ஒரே வாதம்தான். பதில் சொல்ல வேண்டியது வாதத்துக்கு, எண்ணிக்கைக்கு அல்ல. எந்தப் பத்தி, அது யாரை எப்படிப் பாதிக்கும், மாற்றாக என்ன எழுதலாம் என்று சொல்லும் ஒரு பக்கம் அதைவிடக் கனமானது.

இன்னொரு வகை ஆவணம் தேவையில்லாமல் பீதி கிளப்பும்: "ஏஜென்ஸி இன்ஃபர்மேஷன் கலெக்‌ஷன் ஆக்டிவிட்டீஸ்" என்று தொடங்குவது. புதிதாக உங்களைப் பற்றித் தகவல் திரட்டுகிறார்கள் என்று தோன்றும். பெரும்பாலும், இருக்கும் படிவத்தின் அனுமதிக்காலம் முடிவதால் புதுப்பிக்கிறார்கள். முதலில் 60 நாள் அறிவிப்பு, பிறகு 30 நாள் அறிவிப்பு. படிவத்தில் கேள்விகள் மாறுகின்றனவா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

வீட்டாருக்குச் சொல்வது பற்றி. 2010-இன் எளிய எழுத்துச் சட்டம் அரசின் கடிதம், படிவம், விளக்கக் குறிப்புகளுக்குப் பொருந்தும், விதிகளுக்கு விலக்கு. அதனால்தான் இந்த நடை. 2023-இல் வந்த ஒரு சட்டத்தால், ஒவ்வொரு முன்மொழிவுக்கும் 100 சொல்லுக்கு மிகாத எளிய சுருக்கம் ரெகுலேஷன்ஸ் தளத்தில் இருக்க வேண்டும். தொடங்க அது நல்ல இடம், ஆனால் விலக்குகளை அந்தச் சிறிய சுருக்கத்தில் தேடாதீர்கள். சொல்லும்போது சட்டப்பெயரிலிருந்து தொடங்காமல் ஆளிலிருந்து தொடங்குங்கள். வேலை அனுமதி விதியை இப்படிச் சொல்லலாம்:

"வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்க 2025 அக்டோபர் 30 அல்லது அதற்குப் பிறகு விண்ணப்பித்திருந்தால், பழைய அட்டையின் தேதி முடிந்ததும் வேலையை நிறுத்த வேண்டும், புது அட்டை வந்தால்தான் தொடரலாம். சில பிரிவினருக்கு விலக்கு உண்டு. அதற்கு முன்பே விண்ணப்பித்திருந்தால் பழைய நீட்டிப்பு செல்லும். இது அமலில் உள்ள விதி, முன்மொழிவு அல்ல."

யார், எந்தத் தேதி, என்ன செய்ய வேண்டும், எந்தக் கட்டம் என்ற நான்கும் இதில் வந்துவிட்டன. இந்த விதி ஏன் வந்தது என்பதை யாராவது கேட்டால் பிறகு சொல்லிக்கொள்ளலாம். 'மஸ்ட்', 'ஷல்' வரும் இடத்தில் "வேண்டும்" என்றும், 'மே' வரும் இடத்தில் "லாம்" என்றும் எழுதுங்கள்; ஆனால் 'மே நாட்' என்பது "கூடாது", "செய்யாமலும் இருக்கலாம்" அல்ல. கூடவே ஆவணத்தின் மேற்கோள் எண்ணையும் நீங்கள் பார்த்த தேதியையும் போடுங்கள். இணைப்புக் கொடுப்பதென்றால் அமெரிக்க அரசின் ஆவணத் தளமான கவ்இன்ஃபோவில் உள்ள பிடிஎஃப் பிரதியைக் கொடுங்கள். அதிகாரப்பூர்வமான பதிப்பு அதுதான்.

உங்கள் மகனின் விஷயத்துக்கு: 2025 ஆகஸ்ட் 28 ஆவணத்தின் ஆர்ஐஎன் எண்ணை ஃபெடரல் ரெஜிஸ்டர் தளத்தில் தேடிப் பாருங்கள். அதே எண்ணில் 'ஃபைனல் ரூல்' என்று ஒன்று இருந்தால் டேட்ஸ் பகுதியையும், ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு என்ன ஏற்பாடு என்ற பகுதியையும் படியுங்கள். இல்லையென்றால் பழைய விதிதான் நடப்பில் இருக்கிறது. இரண்டில் எதுவானாலும் கல்லூரி தந்த ஐ-20 படிவத்தின் தேதியைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் அவர் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகம்.