ஹனோயின் புன் தௌ மம் தோம்: கேள்வி பதில்

வியட்நாமின் தலைநகரான ஹனோயில் பல ஆண்டுகள் வசித்தபோது, வாரத்தில் ஒரு நாளாவது மதிய உணவாக நான் உண்டது புன் தௌ மம் தோம். 'புன்' என்பது அரிசி நூடுல்ஸ். 'தௌ' என்பது பருப்பு, பயறு வகைகளுக்கான பொதுச்சொல்லாயினும் இங்கே சோயா டோஃபுவைக் குறிக்கிறது. 'மம் தோம்' என்பது நொதித்த இறால் பசை. இந்த உணவைப் பற்றி நண்பர்களும் வாசகர்களும் கேட்ட கேள்விகளுக்கு, தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மதுரை): தட்டில் என்னென்ன இருக்கும்? அதை எப்படி உண்கிறார்கள்?

வாழையிலை விரித்த வட்டமான மூங்கில் தட்டில், அழுத்தித் துண்டுகளாக நறுக்கிய புன், எண்ணெயிலிருந்து அப்போதே எடுத்த டோஃபு, வெள்ளரித் துண்டுகள், ஒரு கைப்பிடிப் பச்சை இலைகள் ஆகியவை வரும். சிறிய கிண்ணத்தில் மம் தோம் தனியாக வரும். இலைகளில் இரண்டு முக்கியமானவை: ஒன்று 'தியா தோ' எனப்படும், அடிப்புறம் ஊதா நிறம் கொண்ட பெரில்லா, மற்றொன்று எலுமிச்சை மணம் வீசும் 'கின் ஸோய்'. ஒரு துண்டு புன், ஒரு துண்டு டோஃபு, இரண்டு இலைகள் ஆகியவற்றைச் சேர்த்தெடுத்துப் பசையில் தோய்த்து ஒரே வாயாக உண்ண வேண்டும்.

இப்போதைய கடைகளில் வேகவைத்த பன்றிக்கால் இறைச்சி, இரத்தம் சேர்த்த 'தோய்' எனும் தொத்திறைச்சி, 'சா கோம்' ஆகியவையும் தட்டில் இடம்பெறுகின்றன. சா கோம் என்பது, முற்றாத ஒட்டரிசி நெல்லை வறுத்து இடித்த பச்சை அவலைப் பன்றி இறைச்சியோடு பிசைந்து பொரித்த வடை போன்ற பண்டம். அந்த அவலுக்கு ஹனோயின் வோங் கிராமம் பெயர்பெற்றது. இவையெல்லாம் சுவையானவைதான். ஆயினும் தோள்கட்டையில் கூடைகளைச் சுமந்து வந்து பெண்கள் சந்தில் விற்ற எளிய உணவில் புன், டோஃபு, பசை, இலை ஆகியவை மட்டுமே இருந்தன. முதன்முறை உண்பவர்கள் அந்த எளிய தட்டையே கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கருத்து. பன்றி இறைச்சி வந்துவிட்டால் டோஃபுவைக் கவனிக்க மாட்டோம்.

கேள்வி (கோலாலம்பூர்): நாங்கள் பயன்படுத்தும் பெலாச்சானும் மம் தோமும் ஒன்றா? பெலாச்சானைக் கரைத்துப் பயன்படுத்தலாமா?

இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. பெலாச்சான் வெயிலில் உலர்த்தி இடித்துக் கட்டியாக்கப்படுவது; சுட்டோ வறுத்தோ சம்பலில் சேர்ப்பீர்கள். மம் தோம் ஈரமான, குழைவான பசை. சுடாமல் அப்படியே கலக்கி உண்ணப்படுவது. கட்டியைக் கரைத்தால் உப்பும் கரகரப்பும் மிஞ்சுமே தவிர, அடிக்கும்போது எழ வேண்டிய நுரை எழாது. வியட்நாமின் நடுப்பகுதியான ஹுவேயில் செய்யப்படும் 'மம் ருவோக்' கூட இதிலிருந்து வேறுபட்டது. அது மாட்டிறைச்சி நூடுல்ஸ் குழம்பில் சேர்ப்பதற்குரியது.

கேள்வி (நாகப்பட்டினம்): இந்தப் பசையை எப்படிச் செய்கிறார்கள்? இவ்வளவு கடுமையான வாடை ஏன்?

உங்கள் கடற்கரையில் சென்னாக்குனி என்று காயவைத்து விற்கிறார்களே, ஏறக்குறைய அதே வகைப் பொடி இறால்தான் மூலப்பொருள். வட வியட்நாமில் அதை 'மோய்' என்பார்கள். வலையிலிருந்து வந்த இறாலைக் கழுவி, உப்புச் சேர்த்து இடித்து, தாழிகளில் நிரப்பி வெயிலில் வைப்பார்கள். இறாலின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை உப்பு இருக்கும். பகலில் திறந்து கிளறி வெயில் காட்டுவதும், மழை வருமுன் மூடுவதுமாக மாதக்கணக்கில் வேலை நடக்கும். நல்ல பசைக்கு ஓராண்டு வரை கூட ஆகும். தான் ஹோவா மாகாணத்துக் கடலோரக் கிராமங்கள் இதற்குப் புகழ்பெற்றவை.

இறாலின் குடலிலுள்ள நொதிகளும், உப்பைத் தாங்கும் நுண்ணுயிர்களும் புரதத்தைச் சிறு துண்டுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் உடைக்கின்றன. அவற்றுள் ஒன்றான குளூட்டாமிக் அமிலம்தான் நாவில் தங்கும் அந்த ஆழ்ந்த சுவைக்குக் காரணம். அதே சிதைவில் எளிதில் ஆவியாகும் அமீன்களும் கந்தகச் சேர்மங்களும் பிறக்கின்றன, அவையே வாடை. ஆகவே சுவையும் வாடையும் ஒரே நிகழ்வின் இரு விளைவுகள். வாடையே இல்லாத மம் தோம் என்று யாராவது விற்றால், அதில் சுவையும் இருக்காது. ஆனால் நல்ல பசைக்கு அழுகிய வாடை இராது. கூர்மையாக இருந்தாலும் தூய்மையான கடல் மணம் இருக்கும். நிறம் மங்கிய ஊதாவாக இருக்க வேண்டும். கறுத்திருந்தாலும், பளிச்சென்ற இளஞ்சிவப்பாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை.

கேள்வி (சென்னை): ஒரு பாட்டில் வாங்கி வந்து அப்படியே தொட்டுச் சாப்பிட்டேன், வாயில் வைக்க முடியவில்லை. எங்கே தவறு?

நீங்கள் உண்டது சமைக்காத பொருள். மம் தோமில் சமையல் என்பது கிண்ணத்தில் நடக்கும் கலக்கல்தான். அடுப்பில் வைப்பதில்லை என்பதால் அதைச் சமையலாக எண்ணாமல் விட்டுவிடுகிறோம். நான் பழகிய சந்தில் கடை வைத்திருந்த அம்மையாரை எல்லோரும் 'கோ' என்று, அதாவது அத்தை என்று அழைப்போம். வெளியூர் ஆள் என்று தெரிந்தால், கலக்காத கிண்ணத்தை அவர் கொடுக்கவே மாட்டார். அவரிடம் நான் கற்ற முறை இது.

இருவருக்கு இரண்டு மேசைக்கரண்டிப் பசையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றரை மேசைக்கரண்டிச் சர்க்கரை சேர்த்து, மணல் போல நெருடாத அளவுக்குக் கரையுங்கள். பிறகு புளிப்பு. ஹனோயில் 'குவாத்' என்னும் சிறிய ஆரஞ்சுப் பழத்தைப் பிழிவார்கள். அதன் தோலிலுள்ள எண்ணெயின் மணம் பசையின் வாடையோடு நன்றாக இணைகிறது. அது கிடைக்காவிட்டால் எலுமிச்சம்பழச் சாறு இரண்டு மேசைக்கரண்டி போதும். சாறு விட்டதும் கரண்டியாலோ குச்சிகளாலோ நிறுத்தாமல் அடியுங்கள். புரதத் துண்டுகள் காற்றைப் பிடித்துக்கொள்வதால் பசை வெளுத்து, நுரைத்து, இருமடங்காகப் பொங்கும். அப்போது டோஃபு பொரிந்த எண்ணெயிலிருந்து ஒரு கரண்டியைச் சூடாக அதன்மேல் ஊற்றி, நறுக்கிய மிளகாய் சேர்த்து, மீண்டும் அடிக்க வேண்டும். சூடான எண்ணெய் வாடையின் முனையை மழுங்கச் செய்கிறது. சிலர் சில துளி அரிசி மதுவும் விடுவார்கள், நான் விடுவதில்லை.

இனிப்பு, புளிப்பு, உப்பு ஆகிய மூன்றில் எதுவும் முன்னே நிற்காத நிலைதான் சரியான பதம். முதல் முயற்சியிலேயே அது அமையாது. உப்பு முந்தினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரை அடங்கிவிடும்; சாறும் சர்க்கரையும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

கேள்வி (பெங்களூரு): டோஃபு சட்டியில் ஒட்டி உடைகிறது. பனீர் பயன்படுத்தலாமா?

பனீர் வேண்டாம். பாலின் கொழுப்பும் மணமும் இறால் பசையோடு பொருந்துவதில்லை.

டோஃபுவில் மிகக் கெட்டியான வகையைத் தவிர்த்து நடுத்தரக் கெட்டியை வாங்குங்கள்; மேலே மொறுமொறுப்பும் உள்ளே தயிர் போன்ற குழைவும் அதில்தான் கிடைக்கும். துணியில் வைத்து ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகு, துண்டுகள் மிதக்கும் அளவு எண்ணெயில், அது நன்கு சூடானபின் போடுங்கள். மேல்தோல் இறுகும் வரை தொடக்கூடாது, தொட்டால்தான் உடையும். ஹனோயில் இரண்டு பதங்கள் உண்டு. ஒன்று பொன்னிறமாகப் பொரிப்பது. மற்றொன்று எண்ணெயில் ஒரு நொடி வழுக்கி எடுப்பது போல இலேசாகப் பொரிப்பது. டோஃபு அன்று காலையில் செய்ததாக இருந்தால் மட்டுமே அது சரிவரும்.

அந்நகரத்தில் மோ என்ற பழைய ஊரின் டோஃபுவுக்குத் தனிப்பெயர் உண்டு. அவ்வூர் இப்போது நகருக்குள் அடங்கிவிட்டது. முந்தைய ஈட்டின் புளித்த நீரைக் கொண்டே சோயாப் பாலைத் திரிக்கும் பழக்கம் அங்கே உண்டு. நம் வீடுகளில் நேற்றைய மோர் விட்டு இன்றைய பாலை உறையூற்றுவதை அது எனக்கு நினைவூட்டும். ஓராண்டு தாழியில் கிடந்த பசையோடு, காலையில் பிறந்து மாலைக்குள் சுவை இழந்துவிடும் டோஃபுவும் புன்னும் சேர்வதில்தான் இந்த உணவின் முழு அழகும் இருக்கிறது. பழைய டோஃபுவை வைத்துக்கொண்டு எவ்வளவு உயர்ந்த பசை வாங்கினாலும் பயனில்லை.

கேள்வி (யாழ்ப்பாணம்): புன்னுக்குப் பதிலாக இடியாப்பம் வைத்துக்கொள்ளலாமா?

வேறு வழி இல்லையென்றால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இடியாப்பம் ஆவியில் வேகும். புன்னோ, ஊறவைத்து அரைத்துச் சற்றே புளிக்கவிட்ட அரிசி மாவைக் கொதிநீருக்குள் நேராகப் பிழிந்து, உடனே குளிர்ந்த நீரில் அலசி எடுப்பது. அதனால் புன்னில் ஈரமும் வழுவழுப்பும் மிகுதி. கடையில் கிடைக்கும் மெல்லிய அரிசி நூடுல்ஸை வேகவைத்து வடித்து, சூடு ஆறுமுன் தட்டமான பாத்திரத்தில் நிரப்பி, மேலே கனமான பொருளை வைத்து அரை மணி நேரம் அழுத்தினால் துண்டு போடக்கூடிய அளவுக்கு இறுகிவிடும். இடியாப்பத்தைவிட இந்த வழியே நெருக்கமானது.

கேள்வி (திருச்சி): சமைக்காத இறால் பசை உடலுக்குத் தீங்கில்லையா? ஒரு காலத்தில் தடை செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

2007 இறுதியில் ஹனோயிலும் வட மாகாணங்களிலும் காலரா பரவியபோது மம் தோம் மீது சந்தேகம் விழுந்து, அதன் விற்பனை சிறிது காலம் நிறுத்தப்பட்டது உண்மையே. அவ்வளவு உப்பு உள்ள பசையில் காலராக் கிருமி பெருகுவது கடினம். ஆனால் பசையைக் கலக்கும் நீர், அதைத் தொடும் கை, சரியாகக் கழுவாத இலைகள் ஆகியவற்றின் வழியாக எந்தத் தொற்றும் வரலாம். எனவே இலைகளை நல்ல நீரில் பலமுறை அலசுங்கள். அச்சம் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும், சின்ன வெங்காயம் வதக்கிய எண்ணெயில் பசையைக் கொதிக்கவிட்டு ஆறிய பின் கலக்கலாம். நுரை குறையும், சுவை கெடாது. இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் ஒரு துளியும் தொடக்கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பின் அளவை மனத்தில் கொள்ள வேண்டும்.

கேள்வி (கோவை): நான் சைவம். எனக்கு இதில் ஏதேனும் உண்டா?

உண்டு. வாடை பிடிக்காதவர்களுக்கு ஹனோய்க் கடைகளிலேயே சோயா சாஸ் தருவார்கள். அதைவிடப் பொருத்தமானது 'சாவ்' எனப்படும் நொதித்த டோஃபு. அதை மசித்து, மேலே சொன்னபடியே சர்க்கரை, எலுமிச்சை, மிளகாய், சூடான எண்ணெய் சேர்த்து அடியுங்கள். கடைகளில் உண்பதானால், அதே எண்ணெயில் இறைச்சி பொரித்திருக்கிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): அடுத்த மாதம் ஹனோய் செல்கிறேன். எங்கே, எந்த நேரத்தில் உண்பது?

பழைய நகரப் பகுதியிலுள்ள ஃபத் லோக் சந்து இதற்குப் பெயர்பெற்ற இடம். பகல் பதினொன்றரைக்குள் சென்றுவிடுங்கள். அலுவலகக் கூட்டம் வந்த பிறகு தாழ்வான பிளாஸ்டிக் முக்காலிகளில் இடம் கிடைக்காது. டோஃபு சூடாக எண்ணெயிலிருந்து வருகிறதா, முன்பே பொரித்துக் குவித்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகு உட்காருங்கள். குவித்து வைத்திருந்தால் அடுத்த கடைக்கு நடக்கலாம்.

கேள்வி (சென்னை, மீண்டும்): மீதமுள்ள பாட்டிலை எப்படி வைப்பது?

உலர்ந்த கரண்டியால் மட்டும் எடுத்து, இறுக மூடி, மேலே ஒரு பையும் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பல மாதங்கள் கெடாது. கலக்கிய பசையை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். அதை அன்றைக்கே உண்டு தீர்த்துவிட வேண்டும்.