மூன்று வருடம் இருப்பீர்களா?

வணக்கம். எனக்கு 26 வயது, ரொறன்ரோ ஸ்காபரோவில் வளர்ந்தவள். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு நிரந்தர வேலை இல்லாமல் பள்ளி பள்ளியாக ஓடிக்கொண்டிருக்கிறேன். இப்போது கனடாவின் வடகோடியில், இனுயிட் மக்கள் வாழும் நுனாவுட்டில் பொண்ட் இன்லெட் என்ற கிராமத்தில் ஆறாம் வகுப்புக்கு வேலை கிடைத்திருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் படிப்பித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சேவை செய்ய வேண்டும் என்று மனம் சொல்கிறது. அம்மா, "பனிக்குள்ள தனியாவா?" என்று அழுகிறார். குளிரும் இருட்டும் தாங்குமா? நான் மரக்கறிக்காரி, சாப்பாட்டுக்கு என்ன வழி? போகலாமா?
– வி.

அன்புள்ள வி.,

குளிர் தாங்கும். ரொறன்ரோ ஜாக்கெட்டை மட்டும் நம்பாதீர்கள். அங்குள்ள பெண்கள் தைக்கும் பார்க்கா என்ற தலைமூடி வைத்த தடித்த குளிர்கோட்டு ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிவிடுங்கள். இருட்டு கொஞ்சம் கஷ்டம்தான். நவம்பர் நடுவில் மறையும் சூரியனை ஜனவரி கடைசியில்தான் மறுபடி பார்ப்பீர்கள். நடுப்பகலில் சிறிது நேரம் நீலமாக ஒரு வெளிச்சம் வரும், அவ்வளவுதான். ஆனால் என்னைப் படாதபாடு படுத்தியது மே மாதத்து வெளிச்சம். சூரியன் மறைவதே இல்லை. இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைகள் தெருவில் பந்தடிப்பார்கள். காலையில் வகுப்பில் பாதிக் கதிரை காலி. சிலர் குடும்பத்தோடு கடற்பனியில் கூடாரம் போட்டுச் சீல் என்ற கடல்நாய் வேட்டையில் இருப்பார்கள். அதைக் கள்ளம் என்று நினைக்க வேண்டாம். பனியைப் பார்த்து எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று படிக்கிற வயது அது. அதை நீங்களோ நானோ சொல்லிக்கொடுக்க முடியாது.

சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் ரின் எல்லாம் ஒரு வருடத்துக்குக் கணக்குப் போட்டுக் கோடைக் கப்பலில் அனுப்புங்கள். நுனாவுட்டின் 25 ஊர்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலை கிடையாது. கடல் உருகியிருக்கும் கொஞ்சக் காலத்தில்தான் கப்பல் வரும். கடைத் தக்காளி விமானத்தில் வருவது. விலையைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவீர்கள். தண்ணீரும் லொறியில் வந்து வீட்டுத் தாங்கியில் நிரம்புவதுதான். பனிப்புயல் வந்தால் லொறி வராது, பாத்திரம் கழுவுவதை மறந்துவிடுங்கள்.

யாராவது நார்வால் என்ற திமிங்கிலத்தின் தோல் கொண்டுவந்து தந்தால், நான் மரக்கறி என்று சொல்லிச் சிரியுங்கள், பரவாயில்லை. மூக்கைச் சுளிப்பது மட்டும் வேண்டாம். மூக்கைச் சுளித்தால் அங்கே ‘இல்லை’ என்று அர்த்தம், புருவத்தை உயர்த்தினால் ‘ஓம்’. இது தெரியாத புது ஆசிரியர் ஒரு பையனிடம் "முடித்துவிட்டாயா?" என்று கேட்பார். அவன் புருவத்தை உயர்த்துவான். இவர் மறுபடியும் கேட்பார், அவன் மறுபடியும் உயர்த்துவான். மூன்றாம் முறை அவர் குரலை உயர்த்தும்போது பக்கத்துச் சிறுமி, "அவன்தான் சொல்லிவிட்டானே" என்பாள்.

சரி, அந்தச் ‘சேவை’க்கு வருவோம். சம்பளத்துக்குப் போகிறேன் என்று சொல்லுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. நல்ல சம்பளம்; வடக்கில் இருப்பதற்குத் தனிப் படியும் உண்டு. சேவை என்று போகிறவர்கள் நன்றியை எதிர்பார்க்கிறார்கள், அது கிடைக்காதபோது ஜூனில் கிளம்பிவிடுகிறார்கள். உங்கள் மாணவர்களின் தாத்தா பாட்டி தலைமுறையில் சிலரை 1960களில் விமானத்தில் ஏற்றி, மனிடோபாவில் சர்ச்சில் என்ற ஊரிலுள்ள விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். குடும்பங்கள் வேட்டை முகாம்களை விட்டு ஓரிடத்தில் குடியேற நேர்ந்ததற்குப் பள்ளிக்கூடமும் ஒரு பெரிய காரணம். அதையெல்லாம் செய்தவர்களும் நல்லது செய்வதாகத்தான் சொன்னார்கள். பள்ளி வாசல்வரை வந்து, உள்ளே வராமலே திரும்பும் பாட்டி ஒருவரைப் பார்த்தால் இது ஞாபகம் இருக்கட்டும்.

நம் ஊரில் கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளைப் பற்றி அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். வந்திறங்கிய அன்றே இடமாற்றத்துக்கு எழுதிப்போடும் ஆசிரியரைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பொண்ட் இன்லெட் பிள்ளைகளும் அப்படித்தான். ஓகஸ்டில் வந்து ஜூனில் போனவர்களை நிறையப் பார்த்தவர்கள். "அடுத்த வருடமும் இருப்பீங்களா?" என்று கேட்பார்கள், முதல் வருடம் முழுக்க உங்களைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருப்பார்கள். இரண்டாவது ஓகஸ்டில் நீங்கள் திரும்பி வந்து இறங்கும்போதுதான் உண்மையில் வேலை தொடங்குகிறது. அதனால் ஒரு வருட அனுபவம் போதும் என்றால் போகாதீர்கள். மூன்று வருடம் இருக்க மனம் இருந்தால் போங்கள்.

இன்னொன்று. 2008இல் வந்த மொழிச் சட்டப்படி 2019க்குள் எல்லா வகுப்புகளிலும் இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழியில் படிக்க வழி வந்திருக்க வேண்டும். படிப்பிக்க ஆளில்லை என்று 2020இல் அதை 2039வரை தள்ளிப்போட்டார்கள். ஆக, நீங்கள் போகிற இடம் உள்ளூர் ஆசிரியர் ஒருவர் இருக்கவேண்டிய இடம். உங்கள் வகுப்பு உதவியாளர் அந்த ஊர்க்காரராகத்தான் இருப்பார், பிள்ளைகளை உங்களைவிட நன்றாகவே தெரிந்தவர். நுனாவுட் ஆர்க்டிக் கல்லூரியின் ஆசிரியர் பயிற்சியில் சேர அவருக்கு விருப்பம் இருந்தால், படிவம் நிரப்புவதிலிருந்து கூட நில்லுங்கள். மூன்று வருடத்தில் அது ஒன்று நடந்தாலே பெரிய விஷயம். நீங்களும் இனுக்டிடுட் எழுத்தைப் படியுங்கள், சீக்கிரம் பிடிபடும். அடி திறந்த முக்கோணம் மேலே பார்த்தால் பி, வலப்பக்கம் திரும்பினால் பு, இடப்பக்கம் திரும்பினால் ப.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அதிபரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வீடு தனியா, பங்கா? போன வருட ஆசிரியர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள்? இரண்டாவதற்கு அவர் இழுத்து இழுத்துப் பதில் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். அப்புறம் அம்மாவிடம் சொல்லுங்கள், அங்கேயும் ரொறன்ரோ நேரம்தான். வழக்கம்போல இரவு எட்டு மணிக்கே அவர் போன் எடுக்கலாம்.