கணக்கில் வராத மூட்டை

அன்புள்ள ஐயா,

நான் திருமங்கலத்தில் வசிக்கிறேன். ஓராண்டாக ஆசிய மிகுபுனைவுகளை ஆங்கிலம் வழியாகத் தேடித் தேடி வாசித்து வருகிறேன். சீனத்து நரிப்பெண் கதைகளும் ஜப்பானியப் பேய்க்கதைகளும் என்னை முழுவதுமாக ஆட்கொண்டுவிட்டன. எந்த விதிக்கும் கட்டுப்படாத அத்தகைய கற்பனை தமிழில் ஏன் நிகழவே இல்லை? நமக்கு வாய்த்தது வெள்ளைப் புடவையும் கொலுசுச் சத்தமும்தானா? அடுத்து வாசிக்க ஒரு பட்டியல் தர இயலுமா? பகுத்தறிவில் நம்பிக்கை உள்ள ஒருவன் இவற்றில் இப்படி மூழ்கலாமா என்ற உறுத்தலும் இருக்கிறது. மாரியம்மன் தெப்பக்குளத்தருகே ஒரு நரிப்பெண் குடிவருவதாக நான் எழுதிய சிறுகதையையும் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது, நீங்கள் சொல்லும் சீனத்து நரிப்பெண் கதைகளை எழுதிய பூ சோங்லிங்கின் தொகுப்பை எத்தனையாவது முறையாகவோ மீண்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் இத்தனை விரைவில் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

உறுத்தலை முதலில் தீர்த்துவிடலாம். பேயை நம்பாதவர் பேய்க்கதை வாசிப்பதில் எந்த முரணும் இல்லை. சதுரங்கம் ஆடுகிறவர் குதிரைக்குக் கொள்ளு வைப்பதில்லை. பட்டியலுக்கும் பெரிய தேவை இல்லை. ஜப்பானுக்கு லஃப்காடியோ ஹெர்ன் 1904இல் வெளியிட்ட தொகுப்போடு நின்றுவிடாமல், 1776இல் அச்சான உவேதா அகினாரியின் ஒன்பது கதைகளுக்குச் செல்லுங்கள். அம்புலிமாமாவில் நீங்கள் பார்த்த வேதாளத்தைக் காசுமீரத்துச் சோமதேவர் பதினோராம் நூற்றாண்டிலேயே கதாசரித்சாகரம் என்ற தம் கதைத்தொகுப்புக்குள் தூக்கி வந்துவிட்டார். அதே வேதாளம் திபெத்துக்கும் மங்கோலியாவுக்கும் போய், அங்கும் ஒருவன் தோளில் தொங்கியபடி கதை சொல்லிக்கொண்டிருக்கிறது. இவற்றை முடித்த பிறகு எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தடுத்து நிறுத்தியது ஒரே ஒரு தொடர்தான். 'எந்த விதிக்கும் கட்டுப்படாத கற்பனை' என்கிறீர்கள். மன்னிக்கவும், நீங்கள் நரிப்பெண்ணின் அழகில் மயங்கிவிட்டு அவள் வீட்டுக் கணக்கைப் பார்க்காமல் வந்துவிட்டீர்கள்.

பூ சோங்லிங் 1640இல் ஷாண்டோங்கில் பிறந்தவர். முதற்கட்டத் தேர்வில் இளவயதிலேயே சிறப்பாகத் தேறிவிட்டு, அதற்கு மேற்பட்ட மாகாணத் தேர்வில் வாழ்நாள் முழுவதும் தோற்றுக்கொண்டே இருந்தவர். செல்வர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தவர். 1715இல் அவர் இறந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னர், 1766இல்தான் ஐந்நூறுக்குச் சற்றே குறைந்த அந்தக் கதைகள் அச்சேறின. அவர் பேயைப் பற்றி எழுதும் தொனியைக் கவனியுங்கள். இன்ன ஊர், இன்ன குடும்பம், இன்னாருக்கு இன்னார் உறவு என்று கிராமக் கணக்கர் அடங்கல் எழுதுவதைப் போலத்தான் தொடங்குகிறார். பல கதைகளின் இறுதியில் 'விந்தைகளின் வரலாற்றாசிரியன்' என்று தம்மையே ஒரு பதவியில் அமர்த்திக்கொண்டு குறிப்பும் எழுதுகிறார்.

நரிகளின் திருமணக் கதையை நினைவுகூருங்கள். பேய்வீடு என்று பெயரெடுத்த பாழ்மாளிகையில் பந்தயத்துக்காக ஓர் இரவு தங்கியவன், அங்கு நடக்கும் நரிக் கல்யாணத்தில் விருந்தாளியாகி, சான்றுக்காக ஒரு பொற்கிண்ணத்தைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொள்கிறான். நெடுநாள் கழித்து வேறொரு ஊரில் ஒரு செல்வர் வீட்டு விருந்தில் அதே போன்ற கிண்ணங்கள் வெளியே எடுக்கப்படுகின்றன. எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருக்கின்றன. அவன் தன்னிடமுள்ளதைக் கொண்டுவந்து கொடுத்துக் கணக்கை நேர் செய்கிறான். நரிகள் கிண்ணங்களை இரவல் வாங்கித்தான் கல்யாணம் நடத்தியிருக்கின்றன! உங்களைப் புல்லரிக்க வைத்தது நரியின் மாயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் உங்களைத் தொட்டது எட்டு ஏழான அந்தக் குறைவுதான்.

அவருடைய முதல் கதையில் ஒருவனை மேலுலகத் தேர்வுக்கு அழைத்து, ஊர்க்காவல் தெய்வமாக நியமித்துவிடுகிறார்கள். வீட்டில் எழுபது வயதுத் தாய் இருக்கிறாள் என்று அவன் அழுகிறான். உடனே ஆயுள் ஏட்டைப் புரட்டிப் பார்க்கிறார்கள். அவளுக்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் எழுதியிருப்பதால், அந்த ஒன்பது ஆண்டுகளுக்கு மட்டும் பொறுப்பு அலுவலராக மற்றொருவரை அமர்த்திவிட்டு அவனுக்கு விடுப்புத் தருகிறார்கள். இதில் நமக்கு அந்நியமானது எது? நம் எமன்தான் பௌத்தத்தோடு சீனம் சென்று யென்லுவோ ஆனான், ஜப்பானில் எம்மா ஆனான். ஏடும் உடன் சென்றது.

தமிழில் நிகழவில்லை என்கிறீர்களே, அது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. கடலுக்கு அப்பால் சாவகத் தீவு வரை பறக்கும் கதையை, உண்ண உண்ணத் தீராத பாத்திரத்தை, யானைத்தீப் பசி பிடித்த பெண்ணைப் பாடியவர் யார்? மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். கூலம் என்றால் தானியம். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் தானியம் விற்றவர். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்துக் காதையைத் திறந்து பாருங்கள். சுடுகாட்டுக்குள் தனியே வந்த சார்ங்கலன் என்ற சிறுவன் பேயின் கூத்தைக் கண்டு அஞ்சி ஓடி, தாயிடம் சொல்லிவிட்டு உயிர்விடுகிறான். தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் சென்று, என் உயிரை எடுத்துக்கொண்டு என் மகனின் உயிரைத் தா என்று மன்றாடுகிறாள். தெய்வம் மறுக்கிறது. உயிருக்கு உயிர் மாற்று நடக்குமானால் அரசர்களுக்காக உயிர்தர ஆளா இல்லை, இந்தச் சுடுகாட்டில் அரசர்களுக்கு ஆயிரம் கோட்டங்கள் நிற்கின்றனவே என்று கேட்கிறது. பேரத்தை மறுக்கத் தெய்வம் காட்டுவது எண்ணிக்கையை. இதை ஒரு வணிகர்தான் எழுத முடியும் என்று எனக்குத் தோன்றுவது, நான் வளர்ந்த வீட்டின் காரணமாகவும் இருக்கலாம்.

என் பெரியப்பா கீழமாசி வீதியில் ஒரு தானிய மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். வீட்டில் பேய்க்கதை சொல்பவர் அவர் ஒருவரே. சொல்லும்போது அவர் குரல் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. அவர் சொன்னவற்றில் நான் மறக்காத ஒன்று உண்டு. மேலூர்ப் பக்கத்திலிருந்து உளுந்து ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று இரவில் வந்துகொண்டிருந்தது. பதினான்கு மூட்டை, ஏற்றும்போதே வண்டிக்காரர் எண்ணிச் சீட்டு வாங்கியிருந்தார். யானைமலை அடிவாரத்தில் மாடுகள் நின்றுவிட்டன. பின்னாலிருந்து ஒரு குரல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டது. வண்டிக்காரர் திரும்பிப் பார்க்காமல், தார்க்குச்சியின் இரும்பு முனையில் சுண்ணாம்பைத் தடவிப் பின்புறம் நீட்டினார். முனை துடைக்கப்பட்டது. மாடுகள் நடந்தன. விடிகாலையில் மண்டியில் இறக்கியபோது பதினைந்து மூட்டை இருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன். பெரியப்பாவுக்கு அதுவரை நடந்தது வெறும் முன்னுரை. மூன்று முறை எண்ணினார்கள். மண்டியில் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம், இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். மூன்று முறையும் பதினைந்து. குத்தூசி போட்டு எடுத்தார்கள். மற்றவற்றைவிடச் சுத்தமான உளுந்து. எடையும் சரி. மேலூருக்கு ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அங்கே இருப்பில் குறைவில்லை. சீட்டு இல்லாத சரக்கை எந்தப் பக்கத்தில் எழுதுவது? எட்டு நாள் அந்த மூட்டையைத் தனியே போட்டிருந்தார்களாம். ஒன்பதாம் நாள் விற்று, கோவிலுக்கென ஒதுக்கும் மகமைப் பக்கத்தில், 'பதினெட்டாம்படியான் வரவு, உளுந்து மூட்டை 1' என்று பெரியப்பா எழுதினார். ஆடி மாதம் வரை அந்தப் பணம் கடையில் புரண்டதால் மூன்று மாத வட்டியையும் சேர்த்து முடிந்துகொண்டு அழகர்கோவிலுக்குச் சென்று, பதினெட்டாம்படிக் கருப்பணசாமியின் பெரும்பாலும் மூடியே இருக்கும் அந்தச் சந்தனக் கதவின் முன்னால் வைத்துவிட்டு வந்தார்.

மூட்டையைக் கொண்டுவந்தது யார் பெரியப்பா என்று கேட்டேன். "அது யாரா இருந்தா என்னடா? அடுத்தவன் பொருளு நம்ம பேரேட்டுல நிக்கக் கூடாது" என்றார். வட்டி எவ்வளவு என்பதைக் காசு வரைக்கும் சொன்னார். சுண்ணாம்பு கேட்டது ஆணா பெண்ணா என்பதைக் கடைசி வரை சொல்லவில்லை. அது அவருக்குத் தேவைப்படவில்லை.

இனி உங்கள் கதை. நடை நன்றாக இருக்கிறது. குளத்தில் நிலவு விழும் பத்தியை இருமுறை வாசித்தேன். ஆனால் உங்கள் நரிப்பெண் நினைத்தபோது தோன்றுகிறாள், நினைத்தபோது மறைகிறாள், நினைத்ததையெல்லாம் செய்கிறாள். எதற்கும் எந்த விலையும் இல்லை. இது மிகுபுனைவு இல்லை, சோம்பேறித்தனம். மதுரையில் தனியாக வரும் ஒரு பெண்ணுக்கு எந்த வீட்டுக்காரம்மா சொந்த ஊர், சாதிசனம் விசாரிக்காமல் வீடு கொடுத்திருக்கிறார்? முன்பணத்தை அவள் என்னவாகக் கொடுத்தாள், அது மறுநாள் காலையிலும் பணமாகவே இருந்ததா? நரியைப் பரியாக்கிய ஊர் இது. அந்தப் பரிகளே இரவில் மறுபடி நரிகளாகிப் பாண்டியனின் லாயத்தைக் கலக்கியபோது, வாங்கிய பொன்னுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது மாணிக்கவாசகர்தான், வைகை மணலில் வெயிலில் நின்று.

தெப்பக்குளத்தைத் தேர்ந்தெடுத்தீர்களே, அதையாவது பயன்படுத்தியிருக்கலாம். திருமலை நாயக்கர் அதைக் கட்டிய 1645இல் பூ சோங்லிங் ஐந்து வயதுச் சிறுவன். அங்கே தோண்டும்போது கிடைத்ததாகச் சொல்லப்படும் பிள்ளையார்தான் மீனாட்சியம்மன் கோவிலில் முக்குறுணி விநாயகராக அமர்ந்திருக்கிறார். சதுர்த்திக்குப் பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை. அந்த அளவையே பெயராகத் தாங்கிய தெய்வம். அத்தகைய குளத்தங்கரைக்கு உங்கள் நரிப்பெண் வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு போகிறாள்.

கதையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீடு குளத்தின் எந்தக் கரையில், வாடகை எவ்வளவு, எத்தனை மாதம் பாக்கி என்பதை எழுதி மறுபடி அனுப்புங்கள். நிலவுப் பத்தியில் கை வைக்க வேண்டாம்.

அன்புடன்